மேல்வீட்டுக் கசிவை வெப்பக் கேமரா காட்டிக்கொடுக்குமா?

கோலாலம்பூர்ச் செந்தூலில் இருபது வருடப் பழைய கொண்டோ (அடுக்குமாடி வீடு). குளியலறை சீலிங்கில் மஞ்சள் கறை, பக்கத்துப் படுக்கையறைச் சுவரின் மேல்மூலையில் பெயிண்ட் உரிகிறது. கசிவு பழுதுபார்க்கும் குத்தகையாளர் ஒருவர் வெப்பக் கேமராவில் நீலத் திட்டு ஒன்றைக் காட்டி, "மேல்வீட்டுத் தண்ணீர் பைப் இந்த இடத்தில் உடைந்திருக்கிறது" என்கிறார். மேல்வீட்டுக்காரர் நம்ப மறுக்கிறார். கைப்பேசியில் பொருத்தும் கேமரா வாங்கி நீங்களே பார்க்கலாமா, அதே கேமராவில் பினாங்கில் உள்ள பெற்றோர் வீட்டுச் சுவரையும் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கிச் சொன்னால் உங்கள் கேள்வி இதுதான்: நீலமாகத் தெரிவதெல்லாம் தண்ணீரா, தண்ணீர் என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று அந்தப் படம் சொல்லுமா? முதலாவதற்கு "இருக்கலாம்" என்பதும், இரண்டாவதற்கு "அந்த ஒரு படம் சொல்லாது" என்பதும்தான் பதில்.

வெப்பக் கேமரா தண்ணீரைப் பார்ப்பதில்லை, சுவரைத் துளைத்தும் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கதிரை வாங்கி, மேற்பரப்பின் வெப்பநிலையை நிறமாக மாற்றிக் காட்டுகிறது. ஈரமான பூச்சில் நீர் ஆவியாகும்போது அந்த இடம் கொஞ்சம் குளிரும். அந்தக் குளிர்ச்சியைத்தான் நீலமாகப் பார்க்கிறீர்கள். இவ்வளவும் உறுதி. "அங்கே நீர் இருக்கிறது" என்பது அதிலிருந்து செய்யும் ஊகம். "பைப் உடைந்திருக்கிறது" என்பது ஊகத்தின் மேல் கட்டிய இன்னொரு ஊகம்.

நம் ஊர்ப் பருவநிலை இந்த வேலைக்கு ஒத்துழைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 80 விழுக்காடும் இருந்தால், நனைந்த பரப்பு ஆவியாதலால் அதிகபட்சம் 27 டிகிரி வரைதான் இறங்க முடியும். ஏர்கோன் போட்டு அறையை 25 டிகிரிக்கும் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டுக்கும் கொண்டுவந்தால், அந்த வரம்பு 19 டிகிரிக்கு அருகே போகிறது. மூன்று டிகிரி இடைவெளி ஆறாகிறது. பெயிண்டுக்குப் பின்னால் இருக்கும் ஈரத்தில் கிடைப்பது இதில் ஒரு பங்குதான். அரை டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசத்தைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே மழை பெய்து ஓய்ந்த பிற்பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. முடிந்தால் பக்கத்து அறை ஏர்கோனை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, குளியலறைக் கதவைத் திறந்து, நின்ற விசிறியை சீலிங்கை நோக்கி அரை மணி நேரம் திருப்பிவைத்து, பிறகு விசிறியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். வந்தவர் இதையெல்லாம் செய்யாமல் கதவைத் திறந்ததும் கேமராவை நீட்டினாரா என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர் இல்லாமலேயே நீலம் காட்டும் இடங்கள் பல. ஏர்கோன் குளிர்காற்று அடிக்கும் சுவர், கான்கிரீட் பீம், சீலிங்குக்கு மேலே போகும் ஏர்கோன் செம்புக் குழாய் எல்லாம் குளிராகவே தெரியும். அந்தச் செம்புக் குழாயின் கறுப்பு உறை கிழிந்திருந்தால் அதில் காற்றின் ஈரம் பனித்துச் சொட்டும். சீலிங்கில் விழும் கறை அசல் குழாய்க் கசிவு போலவே இருக்கும். கோலாலம்பூர்க் காற்று 24 டிகிரியை ஒட்டிய எந்தப் பரப்பிலும் பனிக்கக்கூடியது. மேல்வீட்டு அறையில் இரவெல்லாம் 18 டிகிரியில் ஏர்கோன் ஓடினால், அதன் அடியில் காற்றோட்டமில்லாத மூலையில் பூஞ்சை பிடிப்பதற்கு உடைந்த பைப் தேவையில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: பளபளப்பான எண்ணெய் பெயிண்ட் அடித்த சுவரிலும், ஓடு பதித்த சுவரிலும் உள்ளே ஊறிக்கிடக்கும் ஈரம் வெளியே ஆவியாக வழியில்லாததால் கேமராவுக்குத் தெரியாமல் போய்விடும்.

படம் எடுக்கும் முறையிலேயே பாதி ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. கேமரா தானாக நிற அளவை அமைத்துக்கொண்டால், அறையில் மொத்தமே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலும் அதை அடர்நீலத்திலிருந்து வெள்ளை வரை நீட்டி, தீபாவளி மத்தாப்பு போலக் காட்டும். அளவை நாமே பூட்டி, 4 டிகிரி அகலத்துக்குள், உதாரணமாக 25 முதல் 29 வரை, வைத்து எல்லாப் படங்களையும் அதே அளவில் எடுத்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். வானவில் நிறத்தை விட்டுச் சாம்பல் நிறத்துக்கு மாறுங்கள். வாடிக்கையாளரை மிரட்டத்தான் வானவில் உதவும். பெயிண்ட் அடித்த பூச்சுக்கு உமிழ்திறனை, அதாவது பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பக் கதிரை வெளிவிடுகிறது என்ற அளவை, 0.95 என்று வைக்கலாம். துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் குரோம் பூசிய வால்வும் கண்ணாடி மாதிரி. அவற்றில் தெரிவது உங்கள் உடம்புச் சூடுதான். ஓட்டுச் சுவருக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். நகர்ந்து பார்க்கும்போது திட்டும் கூடவே நகர்ந்தால் அது எதிரொளிப்பு, ஈரமல்ல.

இனி உங்கள் சீலிங். குளியலறையில் நீங்கள் பார்ப்பது பலகை சீலிங். அதற்கு மேலே ஓர் அடி, ஒன்றரை அடி வெற்றிடம், அதற்கும் மேலேதான் மேல்வீட்டுத் தரையைத் தாங்கும் கான்கிரீட் சிலாப். நம் கொண்டோக்களில் பெரும்பாலும் மேல்வீட்டின் கழிவுநீர்க் குழாய்கள் சிலாப்பைத் துளைத்துக்கொண்டு வந்து உங்கள் சீலிங்குக்கு மேலேதான் படுத்துக் கிடக்கும். பலகையின் அடிப்பக்கத்தைக் கேமராவில் பார்த்துவிட்டு, சிலாப்புக்குள் போகும் பைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது செல்லாது. சிலாப்பில் ஒழுகிய நீர் பலகையில் எங்கோ விழுந்து, சரிவு போன பக்கம் ஓடி, வேறெங்கோ கறையாகும். எனவே முதல் வேலை சீலிங்கில் உள்ள திறப்புப் பலகையைக் கழற்றுவது. திறப்பு இல்லையென்றால் 450 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். எப்படியும் பின்னாளில் தேவைப்படும்.

டார்ச்சோடு தலையை உள்ளே நுழைத்தால், கேமரா சொல்லாததைக் கண் சொல்லும். ஃப்ளோர் டிராப் (மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் நீர் வடியும் வாய்) குழாய் சிலாப்பைத் துளைத்து இறங்கும் இடத்தில், குழாயைச் சுற்றிய சிமெண்ட் வளையத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு திரண்டு, நுனியில் சின்ன விழுது போலத் தொங்கினால், நீர் கான்கிரீட்டுக்குள் மெதுவாக ஊறி, அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு நெடுநாளாக வருகிறது என்று பொருள். திடீரென்று உடைந்த குழாய் இந்த வேலையைச் செய்யாது. விழுதின் நுனியில் விரலை வையுங்கள்: சொட்டு இருந்தால் இன்றும் ஓடுகிறது, காய்ந்து பொடியாக உதிர்ந்தால் பழங்கதை. சுண்ணாம்போடு துருநிறம் கலந்திருந்தால் உள்ளே கம்பியோ பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயோ அரிக்கிறது. குழாய் இணைப்பின் அடியில் மட்டும் சாம்பல் நிறக் கசடு கோடிட்டிருந்தால் அது சோப்பு நீர்; இணைப்புப் பசை விட்டிருக்கிறது.

மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் இறங்க மூன்று வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம் உண்டு. அழுத்தத்தில் இருக்கும் நீர்க்குழாய் விட்டிருந்தால் யாரும் குளிக்காவிட்டாலும், வெளியூர் போனாலும் ஈரம் குறையாது. கழிவுக் குழாயோ டிராப்பின் வாயோ விட்டிருந்தால் நீர் ஊற்றிய சில நிமிடங்களில் சொட்டி, பிறகு நிற்கும். தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு போயிருந்தால், ஓட்டுக்கு அடியிலுள்ள சிமெண்ட் மெத்தை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்து நிதானமாக இறக்கும். ஆகவே ஒரு நீலப் படத்தைவிட, எப்போது நனைகிறது என்று ஒரு வாரம் எழுதிவைத்த காகிதத்துக்கு மதிப்பு அதிகம். சோதனையும் இதே வரிசையில், ஒன்று முடிந்து இன்னொன்றாகப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எந்த நீர் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

முதலில் அழுத்தக் குழாய். மேல்வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, கழிவறைத் தொட்டிக்குப் போகும் கோண வால்வையும் மூடி, இரவு படுக்கும்போதும் காலையிலும் நீர் மீட்டரைப் படம் பிடியுங்கள். தொட்டியின் வால்வை மறந்தால் அதன் உள்கசிவே மீட்டரைச் சுழற்றி உங்களை ஏமாற்றும். மீட்டர் நகர்ந்தால் குழாய்க் கசிவு என்று துணிந்து சொல்லலாம். நகரவில்லை என்றால் கசிவே இல்லை என்று சொல்ல முடியாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு நாலு லிட்டர் அளவுதான், சாதாரண இயந்திர மீட்டர் அவ்வளவு மெல்லிய ஓட்டத்துக்கு அசையாது. அப்போது மீட்டருக்குப் பின்னுள்ள வால்வை மூடி, ஒரு குழாய் வாயில் அழுத்தமானியைத் திருகி ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் வெந்நீர்ப் பக்கத்தை அடைத்து மறுபடி பார்த்தால், குளிர்நீர்க் குழாயா வெந்நீர்க் குழாயா என்று பிரிந்துவிடும். பழைய ஜிஐ குழாயில் பம்ப் வைத்து அழுத்தத்தை ஏற்றிச் சோதிக்க விடாதீர்கள். துருவால் நின்றுகொண்டிருக்கும் இணைப்பு அந்த அழுத்தத்தில் உடையும், பிறகு புதுக் கசிவுக்கு யார் பொறுப்பு என்று இன்னொரு சண்டை.

அடுத்தது டிராப்பும் கழிவுக் குழாயும். வெப்பக் கேமரா உண்மையிலேயே ஜொலிக்கும் இடம் இதுதான், ஏனென்றால் இங்கே வித்தியாசத்தை நாமே உண்டாக்குகிறோம். 3 லிட்டர் கொதிநீரை 7 லிட்டர் குழாய்நீரோடு கலந்தால் ஏறத்தாழ 50 டிகிரி வரும். கொதிநீரை அப்படியே ஊற்றக்கூடாது, யுபிவிசி பிளாஸ்டிக் குழாய் இளகும். தரை நனையாதபடி ஒரு புனலும் ரப்பர் குழாயும் வைத்து நேராக டிராப்புக்குள் விடச் சொல்லுங்கள். கீழே திறப்பில் கேமராவோடு நில்லுங்கள். குழாய் முழுதும் பளிச்சென்று ஒளிரும்; அது கசிவல்ல, பயப்பட வேண்டாம். குழாயை விட்டு வெளியேறி, சுற்றியுள்ள கான்கிரீட்டில் படரும் சூடும், இணைப்பிலிருந்து கீழிறங்கும் சூடான கோடும்தான் நாம் தேடுவது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு வாளி விட்டுப் பார்த்து, அடுத்த சோதனைக்குப் போகலாம்.

கடைசியில் தரை. ஒரு நாளாவது தரை நனையாமல் இருந்த பிறகு, டிராப்பை ரப்பர் அடைப்பான் வைத்து இறுக்கி, 25 மில்லிமீட்டர் நீர் தேக்கி 24 மணி நேரம் விடுவார்கள். ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் குளியலறைக்கு 75 லிட்டர், அதாவது நாலைந்து வாளி. குளியலறை வாசற்படி நீர்மட்டத்தைவிட உயரமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மேல்வீட்டுப் பலகைத் தரை நனைந்து, நட்பாகப் பேசிக்கொண்டிருந்தவரும் எதிரியாவார். சுவரில் டேப் ஒட்டி நீர்மட்டத்தைக் கோடு போடுங்கள். நீரில் பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசீன் சாயம் சிறிது கலந்தால், கீழே வந்த சொட்டைப் புற ஊதா டார்ச்சில் பார்த்து இந்த நீர்தான் என்று நிரூபிக்க முடியும். சமையல் சாயம் வேண்டாம், ஓட்டின் இடுக்கில் கறை நிற்கும். நீர் தேக்குவதற்கு முன் ஒரு படம், பிறகு 2, 6, 12, 24 மணியில் ஒவ்வொரு படம், ஒரே இடத்தில் நின்று, ஒரே நிற அளவில். வரிசையில் திட்டு வளர்ந்தால் அது சான்று. ஆனால் திட்டு தொடங்கும் இடம்தான் ஓட்டையின் இடம் என்று எண்ண வேண்டாம். சிமெண்ட் மெத்தைக்குள் ஓடிய நீர், சிலாப்பில் வழி கிடைத்த இடத்தில்தான் இறங்கும். பூச்சு போயிருந்தால் ஒட்டுப்போடுவது பெரும்பாலும் வீண், தரை முழுவதையும் பெயர்த்துப் பூச வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு திட்டையும் ஈரமானியால் உறுதிசெய்யாமல் ஏற்காதீர்கள். ஊசி இல்லாத வகை, பூச்சுக்குள் 20 மில்லிமீட்டர் அளவு வரை உணரும். ஊசி வகை மேற்பரப்பின் மின்தடையைப் பார்க்கும். இரண்டுமே பெரும்பாலும் மரத்துக்கு அளவிடப்பட்டவை; சுவரில் அவை காட்டும் விழுக்காட்டை அப்படியே நம்பக்கூடாது. அதே சுவரில் காய்ந்த இடத்தில் 12, திட்டில் 38 என்று வந்தால் அந்த வித்தியாசம்தான் செய்தி. உப்புப் பூத்த சுவரும், உள்ளே ஓடும் கம்பியும் காய்ந்த இடத்தையே ஈரமென்று காட்டும். அழுத்தக் குழாய்தான் குற்றவாளி என்று முடிவாகி, இடம் மட்டும் தெரியவில்லையென்றால், 5 விழுக்காடு ஹைட்ரஜனும் 95 விழுக்காடு நைட்ரஜனும் கலந்த வாயுவைக் குழாய்க்குள் விட்டு, வெளியே வரும் இடத்தை மோப்பக் கருவியால் பிடிக்கும் முறை உண்டு. அந்தக் கலவை தீப்பற்றாது. ஓடுகளை உடைக்கும் முன் அதற்குச் செலவழிப்பது லாபம்.

படுக்கையறை மூலையில் உரியும் பெயிண்டை இதே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது வெளிச்சுவரா என்று பாருங்கள். காற்றோடு அடித்த மழைக்கு மறுநாள் மோசமாகி, மழையில்லாத வாரத்தில் அடங்கினால், அது வெளிப்பூச்சு வெடிப்பு அல்லது ஜன்னல் சட்டத்தின் சீலன்ட். குளியலறைக்கு மட்டும் சிகிச்சை செய்துவிட்டு மூலை காயவில்லையே என்று குழம்பும் வீடுகள் நிறைய.

பினாங்கு வீடு பழைய கடைவீட்டு வகை, செங்கல்லும் சுண்ணாம்பும் கட்டியது என்றால், கேமராவில் சுவரின் அடியில் ஒரு மீட்டர் உயரம் வரை நீளவாக்கில் குளிர்ந்த பட்டை தெரியும், அதன் மேல் விளிம்பில் உப்புப் பூத்திருக்கும். அது தரையிலிருந்து ஏறும் ஓதம். அந்தக் கட்டடங்களில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு போடுவதில்லை. எந்தப் பைப்பையும் தேடி உடைக்க வேண்டாம். சிமெண்ட் பூசி மூடவும் வேண்டாம். ஈரம் அடைபட்டு இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்குப் பொருத்தம்.

மேல்வீட்டுக்காரரோடு வாதிடுவதற்குப் பதில் சட்டத்தை நடக்க விடுங்கள். 2013ஆம் ஆண்டு அடுக்ககக் கட்டட நிர்வாகச் சட்டத்தின் 142ஆம் பிரிவு, உங்கள் சீலிங்கில் ஈரம் கண்டால் குறை மேலே உள்ள வீட்டிலோ பொது இடத்திலோ இருப்பதாகவே, வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, அனுமானிக்கிறது. அதாவது நிரூபிக்கும் சுமை முதலில் உங்கள் தலையில் இல்லை. உங்கள் கட்டடத்தை நிர்வகிக்கும் ஜேஎம்பியிடமோ (கூட்டு நிர்வாகக் குழு) நிர்வாகக் கழகத்திடமோ எழுத்தில் புகார் கொடுங்கள்; 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அவர்கள் 7 நாளில் வந்து பார்க்க வேண்டும், பார்த்தபின் 28ஆம் படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய் உங்கள் சீலிங்குக்குள் கிடந்தாலும் அது அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு; பல வீடுகளுக்குப் பொதுவான நிலைக்குழாய் என்றால் நிர்வாகத்தின் பொறுப்பு. அவர்கள் அசையாவிட்டால் கோலாலம்பூர் மாநகராட்சியின் கட்டட ஆணையரிடம் போகலாம், அதற்கு மேல் அடுக்கக நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே எடுபடுவது தேதி, நேரம், அறை வெப்பநிலை, சாதாரணப் படம், வெப்பப் படம், ஈரமானி அளவு, எந்தச் சோதனையின் எத்தனையாவது மணி என்று குறித்த அறிக்கை. தனி நீலப் படத்தை அதே மேல்வீட்டுக்காரர் ஏர்கோன் குளிர்ச்சி என்று சொல்லித் தள்ளிவிடுவார்.

கைப்பேசிக் கேமரா வாங்கலாமா? ஆயிரம் வெள்ளி அளவில் கிடைப்பவற்றில் 160க்கு 120 புள்ளி உள்ளதைப் பாருங்கள். அகன்ற கோண லென்ஸில் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு புள்ளி ஏறத்தாழ 14 மில்லிமீட்டரை மூடும். 80க்கு 60 என்றால் அது இரட்டிப்பாகும், மெல்லிய வெடிப்பில் இறங்கும் கோடு அதில் கரைந்துபோகும். 0.1 டிகிரிக்கும் குறைந்த வித்தியாசத்தை உணருவதாக இருக்க வேண்டும். ஒரே வீட்டுக்காக என்றால் அந்தப் பணத்தில் நல்ல ஈரமானி ஒன்றும் டார்ச்சும் வாங்குவதையே நான் சொல்வேன். வெந்நீர்ச் சோதனை நாளுக்கு மட்டும் கேமராவை வாடகைக்கோ ஆளோடோ கூப்பிடலாம். பழுது பார்த்த பிறகும் அந்த ஈரமானிக்கு வேலை இருக்கிறது: சிலாப்பும் சிமெண்ட் மெத்தையும் குடித்த நீர் இன்னும் சில வாரம் இறங்கும், அதைப் பார்த்து மறுபடி உடைக்கச் சொல்லாதீர்கள். சீலிங் திறப்பைத் திறந்தே வைத்து, பென்சிலால் குறித்த அதே ஐந்து இடங்களில் வாரம் ஒருமுறை அளவெடுங்கள். எண் தொடர்ந்து இறங்கி, காய்ந்த சுவரின் எண்ணோடு இரண்டு வாரம் ஒத்துப்போன பிறகு பெயிண்ட் வாங்கப் போகலாம்.